கஸ்பார் ஏற்றிய பெரிய சிஸ்டம்

அந்தமானில், ஜங்லிகாட்டில் படகு மெக்கானிக் கஸ்பார், சின்னப் படகுக்குப் பெரிய எஞ்சின் கேட்பவனை ஏசி விரட்டுவான். அதே ஆள், இரண்டு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில், சென்னையில் இருக்கும் மச்சான் வைத்திருக்கிற புத்தம்புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினான். அவன் மனைவி கேத்தரினுக்கோ தங்கச்சி கல்யாணத்துக்குப் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பு.

"இலேசான லினக்ஸைப் போடுடா, சும்மாவே கிடைக்குது" என்றேன்.

"சும்மா கிடைக்கிறதெல்லாம் பேகார், ஒண்ணுக்கும் ஆகாது, அண்ணே. மெயின்லேண்டுல எவன் அதை வச்சிருக்கான்?"

இந்த ரக ஆட்களுக்கு எங்கள் கம்ப்யூட்டர் கடையில் விலையை ஏற்றிச் சொன்ன பிறகுதான் சரக்கையே காட்டுவோம்.

ஆன்லைனில் டிக்கெட் விற்பனை திறந்த காலையில் திரையில் வட்டம் சுற்றியது. கஸ்பார் மேசையைத் தட்டினான், ஃபேனைத் திருப்பி வைத்தான், மாதாவையும் கூப்பிட்டான். வட்டம் நிற்கவில்லை.

கேத்தரின் அவனை நகர்த்திவிட்டு, நான் கொடுத்திருந்த பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே லினக்ஸைத் திறந்தாள். டீ ஆறுவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"எனக்கும் பங்க் கிளாஸ் படுக்கைதானே, கேத்தி?"

"ஒண்ணுதான் எடுத்தேன். நீங்க வட்டத்தைப் பாத்துக்கிட்டு இருங்க."