தோன்றா எழுவாய்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவருக்கு ‘ஒற்று’ என்று பெயர். க், ச், த், ப் என்னும் நான்கில் ஒன்று மிக வேண்டிய இடத்தில் மிகாமலோ, மிகக் கூடாத இடத்தில் மிகுந்தோ வந்துவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. ஒற்று என்றால் உளவு என்றும் ஒரு பொருள் உண்டாகையால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சில நாள் பயந்துகொண்டே இருப்பார்கள். பிறகு, அவர் போட்டுக்கொடுப்பதெல்லாம் மெய்யெழுத்துகளைத்தான் என்று தெரிந்து தேறிவிடுவார்கள்.

வீட்டில் அவருக்கு இப்போது பெயரே இல்லை. சில மாதங்களாக அவர் மனைவி அவரை நீ என்றோ நீங்கள் என்றோ விளிப்பதில்லை. பேச்சு நின்றுவிடவில்லை, பேச்சிலிருந்து ஆள் மட்டும் கழன்றுகொண்டார்.

“சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு.”

“குளிக்கிறவங்க குளிக்கலாம். வெந்நீர் ஆறுது.”

இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத வாக்கியங்கள். அதுதான் கொடுமை.

காரணம் சிறியது. அவருடைய மாமியார் இறந்தபோது, உறவினருக்குக் கொடுக்க நினைவு அட்டை ஒன்று அச்சடித்தார்கள். மகளான அவர் மனைவி தன் கையால் ஒரு வரி எழுதித் தந்தாள்: “அம்மா, நீ எங்கும் போகவில்லை.” மெய்ப்பு அவர் மேசைக்கு வந்தது. மறைந்த பெரியவரை ‘நீ’ என்பதா? கை தானாக ஓடியது. அட்டையில் “அம்மா, தாங்கள் எங்கும் செல்லவில்லை” என்று வந்தது. மனைவி அதை ஒருமுறை படித்தாள்.

“எங்கம்மாவ யாரோ மாதிரி ஆக்கிட்டீங்க.”

அவரை நோக்கி அவள் சொன்ன கடைசி வாக்கியம் அது. அத்தோடு அந்த வீட்டில் முன்னிலை முடிந்தது.

மனைவியின் தம்பி ஒரு திரைப்படச் சங்கத்தின் செயலாளர். கலகலப்பான ஆள், அக்காவும் மாமாவும் பேசிக்கொள்ளும் விதத்தைக் கேட்டுவிட்டு, “உங்க வீட்டுல ரேடியோ ரெண்டு இருக்கு, ஆள்தான் இல்ல” என்று ஒருமுறை சொன்னவர். அவர்தான் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார்.

“மாமா, தமிழ் சப்டைட்டில் நீங்கதான் எழுதணும். வசனமே கம்மி. சாப்பாட்டப் பத்தியும் விசுவாசத்தப் பத்தியும் ஒரு அமைதியான படம்.”

“அந்த மொழி எனக்குத் தெரியாதேப்பா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? ஆங்கில வசனம் கைல இருக்கு.”

படம் ஓர் ஏரிக்கரையில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. வெளியே ஏரி எது, வானம் எது என்று பிரிக்க முடியாத மூடுபனி. அவள் முட்டைக்கோஸ் நறுக்குகிறாள், மாவு பிசைகிறாள், மேசையில் இரண்டு கிண்ணங்கள் வைக்கிறாள். கண்மூடிச் சற்று நிற்கிறாள். பிறகு கதவைத் திறந்து, பனியைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறாள். யாரும் வருவதில்லை. ஒரு கிண்ணத்தை உண்டு, மற்றதைத் திரும்பவும் பானையில் ஊற்றுகிறாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும்.

அவள் சொல்லும் அந்த ஒரு சொல்லில் ஒற்று மாட்டிக்கொண்டார். ஆங்கிலத்தில் அது நாயையும் கூப்பிடும், நாட்டை ஆள்பவரையும் கூப்பிடும். தமிழில் அப்படித் தப்பிக்க வழியில்லை. வா, வாரும், வாருங்கள், வருக: எதை எழுதினாலும் பனிக்குள் இருப்பவர் யார் என்று பாதி சொல்லிவிட்டதாகும். எழுவாய் வெளியே தெரியாமல் வினைக்குள் ஒளிந்திருந்தால் அதைத் தோன்றா எழுவாய் என்பார்கள். இந்தப் படத்தில் எழுவாய் படம் முழுவதும் ஒளிந்திருந்தது.

அவர் நெடுநேரம் யோசித்து, ‘வாருங்கள்’ என்று எழுதினார். மரியாதை யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது அவர் எண்ணம். வீட்டு அனுபவம் அவருக்கு நினைவு வரவில்லை.

சனிக்கிழமை மாலை படம் முடிந்து எல்லாரும் வெளியே தேநீர்க் கோப்பையோடு நின்றார்கள்.

“புருஷன் வரமாட்டான்னு தெரிஞ்சும் ரெண்டு கிண்ணம் வெக்கிறா பாருங்க, அங்கதான் நான் ஒடஞ்சுட்டேன்” என்றார் பல் மருத்துவர்.

“அவன் ஏன் வரப்போறான்? தினம் அதே முட்டைக்கோஸ்” என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

“ஆமா, இவரு தினம் என் சமையலப் பாராட்டி மாளாம கெடக்காரு!” என்றார் மேலாளரின் மனைவி. “அந்தாளு எவளோடயோ போயிட்டான். அது கூடப் புரியாம கதவத் தொறந்து வெச்சிட்டு.”

ஓடிப்போனானா, ஏரியில் விழுந்தானா என்று இரண்டு கட்சி உருவாயிற்று. கணவன் என்பதில் மட்டும் ஒருவருக்கும் ஐயமில்லை. விசுவாசம் என்று சங்கத்தின் அழைப்பிதழில் அச்சிட்டிருந்ததைக் கற்பு என்று எடுத்துக்கொண்டார்கள் போலும்.

ஒற்றின் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள், நாளெல்லாம் “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பவள். அவள் கோப்பையைப் பார்த்தபடி தம்பியிடம் கேட்டாள்:

“சாமிய யாராவது வாங்கன்னு கூப்பிடுவாங்களாடா?”

“சாமியா? படத்துல சாமி எங்கக்கா வந்துது?”

“அதான் வரலையே.”

அவள் தொடர்ந்தாள். “எழுத்து வர்ற வரைக்கும் யார்னு தெரியாம இருந்துது. நல்லா இருந்துது. வாங்கன்னா விருந்தாளி. வராத விருந்தாளிக்காக யாருடா தினம் கதவத் தொறப்பா?”

இரண்டடி தள்ளி நின்ற ஒற்றுக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. கேட்க வேண்டும் என்றே அது சொல்லப்பட்டது என்பதும் புரிந்தது.

மறுநாள் பிற்பகல் படத்தை இன்னொரு முறை திரையிடுவதாக இருந்தது. காலையில் ஒற்று கிளம்பும்போது, மனைவிக்குக் கேட்கும்படி ஜன்னலைப் பார்த்து, “ரெண்டு மணிக்குத் திரும்பவும் போடறாங்க” என்றார்.

அரங்கில் படம் ஓட்டுபவர் கணினியைத் திறந்து கொடுத்தார். ‘வாருங்கள்’ வந்த இடமெல்லாம் ஒற்று தேடித் தேடி, முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தார்.

“மரியாதை கொறையுதே சார்?”

“குறையட்டும்.”

வாழ்நாளில் அவர் அந்தச் சொல்லை மரியாதையைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் தடவை.

பிற்பகல் காட்சியில் அவர் பின்சுவரில் சாய்ந்து நின்றார். மனைவி வருவாளா என்று வாசலைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். விளக்கு அணைந்தது. படத்தில் கதவு திறந்தது, பனி திரை முழுவதும் பரவி, அரங்கின் முதல் வரிசைகளையும் நனைப்பதுபோல் வெளுத்தது. அந்த வெண்மையின் அடியில் ஒற்றையெழுத்து வந்து நின்றது: வா. கரைக்கு வந்துவிட்ட ஒரு சிறு படகைப் போல இருந்தது. ஓர் இருமல் பாதியில் நின்றது. ஒவ்வொரு தலைக்கும் மேல் ஒவ்வொரு பனி இறங்குவதாக அவருக்குத் தோன்றியது. அவர் கண்ணெதிரே அச்சகம் கரைந்தது, மேசை கரைந்தது, சிவப்பு மை கரைந்தது. மணமாவதற்கு முன் ஒருநாள், புறப்பட்டுவிட்ட பேருந்தின் படியில் நின்று கையை நீட்டிக்கொண்டு, “வா, வா!” என்று கத்திய ஒரு பெண் தெரிந்தாள். மணமான பின்தான், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று, அவள் நீங்கள் என்று மாற்றிக்கொண்டாள். அவரும் அதைச் சரியென்றே டிக் அடித்துவிட்டார்.

விளக்கு எரிந்தபோது கடைசி வரிசையில் ஓர் இருக்கை அப்போதுதான் மடங்கி நின்றது. அதன் கைப்பிடியில் மனைவியின் குடை தொங்கியது.

வெளியே பெருஞ்சண்டை. “அது அவ புள்ள” என்றார் ஒரு பேருந்து நடத்துநர். குரல் சரியாக இல்லை. “கடவுளத்தாங்க கூப்பிடறா, கண்ண மூடறா பாக்கலையா?” என்றது இன்னொரு குரல். “பூனை” என்றார் ஒருவர் உறுதியாக. “எங்க வீட்டுப் பூனைய நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அதுவும் வராது.” ஒரு பெண் யாரோடும் பேசாமல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மைத்துனர் ஓடிவந்தார். “மாமா, நேத்து எல்லாரும் ஒரே கதையப் பாத்தாங்க. இன்னிக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்ன பண்ணீங்க?”

“ஒருமை பன்மை மயக்கம் ஒன்று இருந்தது. திருத்திவிட்டேன்” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தூறல் விழுந்தது. கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை. தெருவின் மறுகோடி மங்கியிருந்தது. மரங்கள் யாரோ பாதி அழித்த கோடுகளாக நின்றன. தன் செருப்பொலி தனக்குப் பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டது.

வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மேசையில் இரண்டு தட்டுகள், இரண்டிலும் ஆவி. மனைவி கையில் கரண்டியோடு நிலையில் நின்று, அவர் தலைக்கு மேலே தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“வா” என்றாள்.

ஒற்று சட்டென்று திரும்பிப் பார்த்தார். தெருவில் ஒருவரும் இல்லை. அம்மாவையா, அந்தப் பனிக்குள் இருப்பவரையா, தன்னையா? “யாரை…” என்று தொண்டை வரை வந்துவிட்டது. ஆயுள் முழுவதும் எழுவாயைத் தேடியே பழகிய தொண்டை. அதை விழுங்கினார்.

“ஆறுது” என்றாள் அவள், இப்போது நேராக அவர் முகத்தைப் பார்த்து. “குடைய வெச்சுக்கிட்டே நனையற. லூசா நீ?”

‘நீ’யைக் கேட்டதும் அவர் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வழக்கப்படி கதவைச் சாத்தத் திரும்பினார்.

“தொறந்தே இருக்கட்டும்.”

கதவை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் எதிரில் உட்காராமல், அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து மேசையின் மறுகோடியில் வைத்து, அதிலும் ஒரு கரண்டி பரிமாறினாள். அது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையை மட்டும் அந்தத் தட்டின் பக்கமாக நகர்த்தி வைத்தார்.