வரேன்னா என்ன அர்த்தம்

பிப்ரவரி 11, புதன். இன்று செய்த தவறு: வாக்கி-டாக்கியில் கேப்டன் சொன்னதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, அவர் வருவதற்குள் வேனைக் கிளப்பச் சொல்லிவிட்டேன். சின்னத் தவறு.

எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். 'சின்ன' என்பதை அடித்தாள். அடித்ததற்கு மேலேயே திரும்பவும் எழுதினாள். நாட்குறிப்பு எழுத மாலை வகுப்பு ஆசிரியை சொல்லிக்கொடுத்த முறை இது: அன்றைய தவறில் தொடங்கு, மறுநாள் வேலையில் முடி, நடுவில் பொய் சொல்லாதே. முதல் வரியிலேயே கடைசி விதி இடித்தது. சரி, நடந்ததை நடந்தபடி யோசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று பேனாவை மூடி வைத்தாள்.

அவள் வேலை பார்ப்பது உலகத்து மலைகளுக்கெல்லாம் ஆட்களை அழைத்துப்போகும் ஒரு நிறுவனத்தில். அலுவலகச் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். பனிமலை, எரிமலை, மொட்டைப் பாறை, எல்லாவற்றின் உச்சியிலும் கேப்டன் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். வாக்கி-டாக்கிகளைச் சார்ஜில் போடுவதும், பயிற்சி நாட்களில் கீழே வேனில் உட்கார்ந்து மேலே இருப்பவர்களோடு பேசுவதும் இவள் வேலை. அதனால் எல்லோருக்கும் இவள் 'வயர்லெஸ்'.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வீட்டில், தண்ணீர் பாட்டில் மூடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தது. அவளுடைய அண்ணன்.

அண்ணனும் அதே நிறுவனத்தில் வழிகாட்டியாக இருந்தவன்தான். போன வருஷம் ஒரு பனிமலையில், நடக்க முடியாமல் போன ஒருவரைக் கீழ்க் கூடாரத்தில் சேர்த்துவிட்டு, மேல் கூடாரத்துக்குத் திரும்ப ஏறிக்கொண்டிருந்தான். காற்று பலமாக இருந்தது. பாதி வழியில் வாக்கி-டாக்கியில் சொன்னான்: "கேப்டன், நான் வரேன்." கேப்டன் "சரி" என்றார். அவன் போய்ச் சேர்ந்தபோது கூடாரம் இருந்த இடத்தில் சதுரமாக மிதிபட்ட பனி மட்டும் இருந்தது. கூடாரம், அடுப்பு, ஆட்கள் எல்லாம் மறுபக்கச் சரிவில் இறங்கிப் போயிருந்தார்கள். பனியில் குழி பறித்துப் படுத்து உயிரோடு வந்தான். விரல் நுனிகள் வரவில்லை.

விசாரித்தபோது கேப்டன் சொன்னது இவ்வளவுதான். "வரேன்னான். விடைபெற்றுக்கிறான், அவரோட கீழேயே தங்கிக்கிறான்னு நினைச்சேன்."

யார் என்ன சொல்ல முடியும்? வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தானே. முதலாளியம்மாகூட, "பேச்சுல வந்த கோளாறு, யாரைக் குத்தம் சொல்ல?" என்று முடித்துவிட்டார். கேப்டன் ஒரு விதி போட்டார்: இனி வாக்கி-டாக்கியில் 'ஏறுறேன்', 'இறங்குறேன்' மட்டும்தான், 'வரேன்' கிடையாது. அதோடு நிறுத்தியிருந்தால் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். அதை அவர் ஒரு நகைச்சுவைத் துணுக்காக்கிவிட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

"பனிமலையில நம்ம பையன் ஒருத்தன் 'வரேன்'னான். நம்ம பாஷையில போறவன்தானே வரேன்னு சொல்வான்? சரி, பையன் போயிட்டான்னு நாங்களும் கடையைக் கட்டிட்டோம். அவன் என்னடான்னா மூச்சு வாங்க ஏறி வந்து, கூடாரத்தைக் காணோம்னு தேடிட்டிருக்கான்!"

கூட்டம் சிரிக்கும். கடைசி வரிசைக்குப் பின்னால் புரொஜெக்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். அந்தச் சிரிப்பை அவள் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள்.

அண்ணனோ சண்டைக்கே போகவில்லை. "ஒருவேளை நான்தான் தெளிவாச் சொல்லலையோ என்னமோ" என்பான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்வதை நிறுத்திவிட்டான். "போறேன்" என்பான். அம்மா விடமாட்டாள். "வாயில நல்ல வார்த்தையே வராதாடா உனக்கு? வரேன்னு சொல்லிட்டுப் போ!" அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஆகவே அவள் காத்திருந்தாள். கேப்டனின் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை அந்த வார்த்தை நழுவட்டும் என்று காத்திருந்தாள். அவரோ தன் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். தான் இப்படி எலிப் பொந்து வாசலில் உட்கார்ந்த பூனை மாதிரி ஆகிவிட்டோமே என்று அவளுக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும். காதிலிருந்து கருவியை மட்டும் எடுக்கமாட்டாள்.

இன்று நழுவியது.

ஊருக்கு வெளியே இருக்கும் பயிற்சிக் குன்றில் மறுநாளைக்காகக் கயிறு கட்டும் வேலை. மற்றவர்கள் பைக்குகளில் முன்னாடியே போய்விட்டார்கள். கடைசி முடிச்சைச் சரிபார்க்கக் கேப்டன் மட்டும் மேலே நின்றார். தூறல் போட்டது. அவருடைய போன் வேனில் சார்ஜில் கிடந்தது. காதில் கரகரத்தது: "வயர்லெஸ், கயிறு ஆச்சு. நான் வரேன்."

"சரி, கேப்டன்" என்றாள். அண்ணனுக்குக் கிடைத்த அதே பதில்.

டிரைவர் பீடியை அணைத்தார். "என்னவாம்மா?"

"வரேன்னார்."

"அப்ப இருப்போம்."

"இல்லண்ணே. கிளம்பறார்னு நினைக்கிறேன். அந்தப் பக்கமா இறங்கி ஊருக்குப் போறார் போல."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவர் அண்ணனோடு பல பயணம் போனவர். "உனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சா?"

"ஆமாண்ணே."

"எனக்கும் ஒரு காது கொஞ்சம் மந்தம்தான்" என்று சொல்லிச் சாவியைத் திருகினார். குன்றைச் சுற்றி வேன் திரும்பியதும் வாக்கி-டாக்கிக்கு எட்டாத தூரமாகிவிட்டது.

மழைக்கோட்டு மேலே கேப்டனோடு இருந்த பையில் இருந்தது. காலையில் பையை அடுக்கியது இவள்தான். 'வரேன்' நழுவுகிற நாள் வரட்டும் என்று தினமும் அதிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிடுவாள். கோட்டை எடுக்கலாமா என்றுகூட ஒருநாள் தொட்டுப் பார்த்தாள், மனசு வரவில்லை. சாக்லேட்டைத்தான் எடுப்பாள். இன்று எடுத்ததை வேனில் டிரைவரோடு பங்கிட்டுச் சாப்பிட்டாள். இவ்வளவு தித்திப்பாக ஒரு சாக்லேட்டை அவள் அதுவரை சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் அறிமுகக் கூட்டம். அறை நிறைந்துவிட்டது. முதலாளியம்மா கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் மலையேற வரும் பல் டாக்டரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து புதியவர்களுக்குக் காலணி வாங்குவது பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். அப்போது கதவு சுவரில் மோதியது.

கேப்டன். மழைக்கோட்டுக்குக் கீழே முழங்கால் வரை சேறு. தலையிலிருந்து சொட்டுகிறது.

"யாரு வேனை அனுப்பினது?"

"நான்தான் கேப்டன்" என்றாள் அவள், பின்வரிசையிலிருந்து.

"நான் என்ன சொன்னேன் உன்கிட்ட?"

"வரேன்னீங்க."

"அப்புறம்?"

"விடைபெறுறீங்கன்னு நினைச்சேன். நம்ம பாஷையில போறவங்கதானே வரேன்னு சொல்வாங்க?"

"தலையில மூளை இருக்கா, களிமண்ணா? மலை மேல தனியா நிக்கிறவன் வரேன்னா வரேன்னுதான் அர்த்தம்! எனக்காக இருங்கன்னு அர்த்தம்! இதுல குழம்பறதுக்கு என்ன இருக்கு? பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்!"

அவள் ஒரு வாக்கியத்தைப் பல மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை.

"அப்ப அந்தப் பையன்?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா.

"எந்தப் பையன்?"

"கூடாரத்தைக் காணோம்னு தேடினாரே. போன தடவை சொல்லிச் சிரிக்க வெச்சீங்களே, மறந்துட்டீங்களா? நானும் சிரிச்சேன்."

தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அது வேற, டாக்டர். அங்க காத்து அப்படி. எல்லாரையும் பத்திரமா இறக்கணும். அவன் வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா..."

அவரே நிறுத்திக்கொண்டார். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அவன் வந்துக்கிட்டிருக்கான்னு உங்களுக்குத் தெரியும்."

சுவரில் கேப்டன் எல்லா உச்சியிலும் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

"நீங்க போய் ஈரத்தை மாத்துங்க. இன்னைக்கு நீங்க பேச வேண்டாம்" என்றார் முதலாளியம்மா. பிறகு இவள் பக்கம் திரும்பினார். "உன் அண்ணனை நாளைக்குக் கூட்டிட்டு வா. நீ வாக்கி-டாக்கியை இனிமே தொடாதே. மலையில ஒருத்தரை விட்டுட்டு வந்திருக்கே. எதுக்காக இருந்தாலும் அது அதுதான்."

"சரிங்கம்மா." சொன்னது நியாயம் என்று பட்டது. வருத்தம்தான் வரவில்லை.

வீட்டில் அண்ணன் முழுவதையும் கேட்டான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்டது, "மேல சாப்பிட ஏதாவது வெச்சிருந்தாரா?"

"சாக்லேட்டை நான் எடுத்துட்டேன்."

"அடிப்பாவி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நல்லா இருந்துச்சா?" என்றான்.

"ரொம்ப."

"கடைசியா என்ன சொன்னார்? அவர் வார்த்தையிலேயே சொல்லு."

"அவன் வந்து சேர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அவன் முடங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பிடித்த பாட்டைக் கேட்கிறவன் போலத் தலையை அசைத்துக் கேட்டான். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னான். எழுந்து செருப்பை மாட்டினான், தெருமுனை வரைக்கும் போய்வர.

உள்ளேயிருந்து அம்மா பழக்கத்தில் கத்தினாள். "வரேன்னு சொல்லிட்டுப் போடா!"

அவன் நிலைப்படியில் நின்றான்.

"வரேம்மா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

அவள் நோட்டைத் திரும்பத் திறந்தாள். 'வேறு மாதிரி புரிந்துகொண்டு' என்பதை அடித்துவிட்டு 'சரியாகப் புரிந்துகொண்டே' என்று எழுதினாள். 'தவறு' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதை அப்படியே விட்டாள்.

நாளை: அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு அவனை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வாக்கி-டாக்கிகளைச் சார்ஜரோடு டிரைவரிடம் ஒப்படைக்க வேண்டும்.