லொரெட்டா எறிந்த கல்

புதன்கிழமை காலையில் பறவை பார்க்கப் போகிறோம் என்றுதான் அந்த ஐந்து பேரும் வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். பறவையாவது ஒன்றாவது. மூன்று குளிர்காலமாக அவர்கள் பார்க்க வந்ததெல்லாம் ஒரு கயோட்டியைத்தான். நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சின்னது, இடது காது மடங்கிய பெட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் புல்வயலில் அது பனியை மோந்து மோந்து எலி பிடிக்கும். இந்தப் பக்கம் இவர்கள் நின்று காப்பி குடிப்பார்கள். முதல் வருஷம் புள்ளியாய்த் தெரிகிற தூரத்தில் திரிந்தது, இப்போது முப்பதடிக்கு வந்துவிட்டது.

அப்படிப் பழக்கியவள் லொரெட்டா. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவளுக்கு அதட்டத் தெரியாதா? அசையாதே, பேசாதே என்று அதட்டியே கூட்டத்தையும் கயோட்டியையும் ஒன்றுக்கொன்று பழக்கிவிட்டாள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. அந்தப் பெருமைதான் இந்த வாரம் அவளைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை வேட்டைப் போட்டி. இருவர் இருவராகப் பனியில் பதுங்கி, அடிபட்ட முயல் கத்துவது போல ஊதலை ஊதி, தேடி வரும் கயோட்டியைச் சுடுவார்கள். மனிதனைக் கண்டு மிரளாத கயோட்டி அன்று மத்தியானத்தைப் பார்க்காது. போட்டியை நடத்துவதோ அவள் தம்பி டெல்மர்.

"அந்த ஒரு வயல மட்டும் விட்டுடுடா" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உனக்கு ஒரு வயல விட்டா ஊர்ல ஆளுக்கொரு வயல் கேப்பாங்க. போன வசந்தத்துல என் மூணு கன்னுக்குட்டிய இதுங்கதானே தின்னுச்சு, அதுக்கு நீ அழுதியா?"

அழவில்லை. அதனால் கிளம்பி வந்துவிட்டாள். வரும்போது அவன் வண்டியிலிருந்த பழைய ஊதல் ஒன்று அவள் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

புதன்கிழமை கயோட்டி வழக்கம்போல வந்தது. காதைச் சாய்த்துக் கேட்டது, எம்பிக் குதித்தது, மூக்கைப் பனிக்குள் குத்தி எலியோடு நிமிர்ந்தது. பின்வீட்டு ஆர்லிஸ் சத்தம் வராமல் கைதட்டினாள். லொரெட்டா ஊதலை எடுத்து ஊதினாள்.

கீச்சென்ற கத்தலுக்கு எல்லோரும் துள்ளி விழுந்தார்கள். கயோட்டி மட்டும் துள்ளவில்லை. ஊதியது யாரென்று நிதானமாகப் பார்த்தது. இவள்தானா என்பது போல நேராக அவளை நோக்கி நடந்து வந்தது. இருபதடி. பதினைந்தடி.

லொரெட்டா பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். பள்ளிக்கூட நாளில் பந்தெறிந்து மாவட்டத்தையே ஜெயித்த கை, குறி தப்பவில்லை. விலாவில் பட்டது. கயோட்டி வீலென்று கத்திப் புரண்டு எழுந்து ஓடியது. ஓட ஓட இன்னும் இரண்டு கல், தொண்டை கிழிய ஒரு கூச்சல்.

"அடிப்பாவி! உனக்கென்ன பைத்தியமா? உன்னை நம்பித்தானேடி வந்துச்சு!" ஆர்லிஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதனாலதான்டி எறிஞ்சேன்" என்றாள் லொரெட்டா. 

சனிக்கிழமை சாயங்காலம், சுட்டதையெல்லாம் ஊர் மண்டபத்து வாசலில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பெண்கள் மாட்டிறைச்சியும் பீன்ஸும் கலந்த கொதிக்கிற குழம்பைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். லொரெட்டா உள்ளே போகவில்லை. வரிசையில் குனிந்து ஒவ்வொரு காதாகப் பார்த்தாள். பத்தொன்பது. மடங்கிய காது இல்லை.

"என்ன, கணக்கெடுப்பா?" டெல்மர் வந்து நின்றான். "ஒரு பெட்டை தப்பிச்சிடுச்சு. ஊதின ஊதல்ல புதர்லேர்ந்து தலைய நீட்டுச்சு, அடுத்த நொடி ஆளையே காணோம். எந்தக் கழுதையோ முன்னாடியே ஊதிக் கெடுத்து வச்சிருக்கு."

போட்டிக்கு முன் கயோட்டியை மிரட்டி வைப்பதைவிடக் கேவலமான காரியம் அந்த ஊரில் கிடையாது. திருடனைக்கூட மன்னிப்பார்கள்.

"நான்தான்டா அந்தக் கழுதை."

டெல்மர் அவளையே பார்த்தான். திட்டுவான் என்று நின்றாள். அவன் திரும்பி உள்ளே போனான். சற்று நேரத்தில் விஷயம் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. குழம்பு குடிக்க அவளை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த புதன்கிழமை ஆர்லிஸ் மட்டும் வந்தாள். இருவரும் வேலியருகே வண்டியை நிறுத்தினார்கள். வயலின் மறுகோடியில் கயோட்டி பனியை மோந்துகொண்டிருந்தது. லொரெட்டா கதவைத் திறந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தாள். அது தலையைத் தூக்கியது, பார்த்தது, ஓட்டமெடுத்தது. ஒருதரம்கூட நிற்கவில்லை.

"அவ்வளவுதான், இனிமே நமக்கு இது கிடையாது" என்றாள் ஆர்லிஸ்.

"ஓடட்டும்" என்றாள் லொரெட்டா. "என்னைப் பாத்து ஓடினா, எல்லாரையும் பாத்து ஓடும்." சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.