இரண்டு பேர் தூக்கும் பெட்டி

என் பேஸ் கிட்டாரின் பழைய ஆம்புக்கு எங்கள் பாட்டுக்குழுவின் டிரம்மர் வில்மர் வைத்த பெயர் லெச்சோன். திருவிழாவில் முழுப் பன்றியைச் சுட்டு, மூங்கிலில் மாட்டி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் என்று தூக்கி வருவார்களே, அந்த லெச்சோன். பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் கனத்த மரப்பெட்டியுமாக அது ஒற்றை ஆளுக்கு அசைந்தே கொடுக்காது. டிரம்மும் பெரிய ஸ்பீக்கர்களும் ஏறியபின் எங்கள் பாடகி லோர்னாவின் வேனில் அதற்கு இடமிருக்காது. பைக்கோடு பக்கத்தொட்டி மாட்டி ஓட்டும் ட்ரைசைக்கிள்காரர்களோ அதைக் கண்டதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிகழ்ச்சி முடிந்ததும் வில்மர் என்னோடு லா பாஸ் பேட்டையில் இருக்கும் என் வீடுவரை வருவான். இருவருமாக அதை ஜீப்னி என்கிற சிற்றுந்தில் ஏற்றி இறக்கி, வீட்டுப் படியேற்றுவோம். இறக்கி வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "புல்லாங்குழல் கத்துக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா, பரே?" என்பான். பரே என்றுதான் எங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வோம். பிறகு பீர், வறுத்த கருவாடு. அன்றைக்கு யார் எங்கே சொதப்பினார்கள் என்று பேசியே பொழுது போய்விடும்.

என் பெயர் ஹெர்மி. இலோய்லோ துறைமுகத்தில் கிமாராஸ் தீவுக்குப் போகும் படகுகளுக்குச் சீட்டுக் கிழிப்பது என் வேலை. மனைவி அர்லீன் ரோமில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். மகள் மணிலாவில். மற்ற நாட்களில் என்னோடு பேசுகிறவர்கள் எத்தனை டிக்கெட் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சனிக்கிழமை மட்டும்தான் நான் மனிதர்களோடு இருந்தேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு பேஸ் கிட்டாருக்கா இவ்வளவு அலட்டல் என்று கேட்பீர்கள்.

போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டது. இனி கனம் தூக்கினால் தன்னிடம் வராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது வியாதி. முதுகு வலியைச் சொல்லவில்லை, சாமான் தேடும் வியாதியைச் சொல்கிறேன். சீட்டுக் கூண்டில் உட்கார்ந்தபடி போனில் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்தேன். எந்தத் தந்தி உருண்டை, எந்தத் தந்தி தட்டை, எந்த ஆம்ப் எத்தனை கிலோ, எதில் அடிநாதம் குழையாமல் வருகிறது என்று கரைத்துக் குடித்தேன். முகம் தெரியாத ஆட்களோடு இணையத்தில் சண்டை போட்டேன். அவர்கள் வாசிக்கவே மாட்டார்கள், வாங்குவது மட்டும்தான் என்று எனக்குச் சந்தேகம். நானும் அந்த ஜாதியில் சேர்ந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் முடிவுக்கு வந்தது இது: ஆம்பே வேண்டாம். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி, அதிலிருந்து நேராக, எல்லார் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சருக்கு ஒரு வயர். என் வாசிப்பை நான் கேட்க, இடுப்பில் ஒரு ரிசீவரும் காதுக்குள் இயர்போனும். எல்லாம் ஒரு தோள்பையில் அடங்கிவிடும். வாய்க்கு வாய் இதையே பேசுகிறேன் என்று அர்லீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சலித்துக்கொண்டாள். ஆனால் அடுத்து அவள் அனுப்பிய பெட்டியில் துண்டுகளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே, காலுறையில் சுற்றி, நான் கேட்ட அதே ரிசீவரும் இயர்போனும் இருந்தன. நான் அழுதுவிட்டேன். லெச்சோனை மோலோவில் ஒரு சிற்றாலயத்துக்குக் கொடுத்தேன். டாக்டர் பேச்சை மீறி, கடைசித் தடவையாக, அதையும் வில்மரும் நானும்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

அந்தச் சமயத்தில்தான் குழுவில் எல்லாரும் இயர்போனுக்கு மாறினார்கள். யாருக்கு யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அவரவர் போனிலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். என் காதில் நான் வைத்துக்கொண்டது என் பேஸ் முழுசாக, வில்மரின் டிரம் முக்கால், லோர்னாவின் குரல் பேருக்கு. கிறிஸ்துமஸிலிருந்து லோர்னா டிரம்பெட்டும் வயலினும் பதிவு செய்த டிராக்குகளை வாங்கிப் பாட்டோடு ஓடவிட ஆரம்பித்திருந்தாள். அந்தச் செயற்கைச் சத்தம் எனக்கு ஆகாது. என் காதில் அதை ஒரேயடியாக அடைத்துவிட்டேன். என் தந்தியின் ஒவ்வொரு உரசலும் கேட்டது. இவ்வளவு நன்றாகவா வாசிக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமைகள்தான் என்னவோ சுருங்கிவிட்டன. நிகழ்ச்சி முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிடைத்த ஜீப்னியில் ஏறிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் இன்னும் வெளிச்சம் இருக்கும். ஒருவனுக்காகக் கருவாடு வறுக்க மனசு வராது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வேறு சாமான்களைப் பற்றிய வீடியோக்கள் பார்ப்பேன்.

பிப்ரவரியில் ஹாரோ பக்கம் ஒரு பேட்டைத் திருவிழா. கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் மதிய விருந்துக்குப் பின் வாசித்தோம். ஜனங்கள் வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டின் நடுவில் என் காதில் எல்லாம் சட்டென்று அடங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது. வாசிப்பதை விட்டுவிட்டு, இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு இடுப்பில் இருந்த ரிசீவரைத் தடவினேன்.

என் கை நின்றுவிட்டது. பேஸ் நிற்கவில்லை.

திடல் முழுக்க அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமாக, ஒரு தப்பில்லாமல், தரை அதிர. நான் என் கையைப் பார்த்தேன். தந்தியைப் பார்த்தேன். திரும்பவும் கையைப் பார்த்தேன். பைத்தியக்காரன் மாதிரி நின்றிருப்பேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, அதனால் பரவாயில்லை.

இடைவேளையில் எல்லாரும் பன்சித் நூடுல்ஸுக்கு வரிசை கட்டியபோது நான் மிக்சர் பக்கம் போனேன். அதைக் கவனிப்பது லோர்னாவின் கணவன் ஒஸ்மே. மேசைமேல் டேப்லெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தான். திரையில் எல்லார் பெயருக்கும் நேரே ஒரு கோடு இருந்தது. லோர்னா உச்சியில். டிரம் பாதிக்கு மேல். டிராக் அதற்குச் சமமாக. ஹெர்மி என்று எழுதியிருந்த இடத்தில் கோடு அடிமட்டத்தில் கிடந்தது. காதுக்குப் போவது வேறு வழி, கூட்டத்துக்குப் போவது இந்த வழி. டிராக்கிலேயே ஒரு பேஸ் இருக்கிறது, அதைத் தனியே பிரிக்க முடியாது, இரண்டு பேஸ் சேர்ந்தால் சேறாகக் குழம்பும். ஒன்றை அடக்கத்தான் வேண்டும். என்னை அடக்கியிருந்தார்கள். டிராக்கைக் காதில் அடைத்து வைத்திருந்த நான் மட்டும் இத்தனை நாளும் என்னையே கேட்டுப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

போய் வரிசையில் நின்று நானும் பன்சித் வாங்கிக்கொண்டேன். ஞாயிறன்று அர்லீன் கூப்பிட்டு, வழக்கம்போல, தான் அனுப்பியதில் நல்லா கேக்குதா என்று கேட்டாள். துல்லியமா கேக்குது என்றேன்.

அந்த வாரம் முழுக்கக் கோபம் சீட்டு வாங்க வந்தவர்கள்மேல் பாய்ந்தது. வாயைத் திறந்து கேட்டுவிடலாம்தான். கேட்டால் லோர்னா அழுவாள், ஒஸ்மே தரையைப் பார்ப்பான், அதற்குப் பிறகு நான் விலகத்தான் வேண்டும், ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. விலகினால் சனிக்கிழமையும் போய்விடும். கேட்காமல் இருந்தால் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்கும் பொம்மை நான். எது மேல் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

அடுத்த சனிக்கிழமை மோலோவில் ஒரு கல்யாண விருந்து. நான் ஒரு முடிவோடு போயிருந்தேன். வாசிக்கப் போவதில்லை. விரலைத் தந்திக்கு மேலே காற்றில் அசைப்பேன், தொட மாட்டேன். ஒருத்தருக்காவது தெரிகிறதா பார்ப்போம். யாருக்கும் தெரியாவிட்டால் அன்றோடு முழுக்கு.

முதல் பாட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடினார்கள், உறவுக்காரர்கள் வந்து அவர்கள் உடையில் பண நோட்டுகளைக் குத்தினார்கள், தரை அதிர பேஸ் ஜோராக முழங்கியது. இரண்டாம் பாட்டில் லோர்னா திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். 

என் காதுக்குள் கிட்டத்தட்ட டிரம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வில்மரை அப்படித் தனியாக நான் கேட்டதே இல்லை. மூன்றாவது பாட்டில் அவன் காலால் மிதிக்கும் பெரிய டிரம் ஒரு மாதிரி தயங்கியது. தட்டிவிட்டுக் காத்திருப்பது போல, இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை போல. திரும்பிப் பார்த்தேன். அவன் ஒரு கையால் வாசித்தபடி மற்றொரு கையால் காதை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே போனை எடுத்து எதையோ ஏற்றினான், திரும்ப ஏற்றினான். எனக்கு அப்போது புரியவில்லை. அவன் கருவியும் பழுதாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

இடைவேளையில் அவன் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கையில் ஒரு மாற்று வயரோடு நேரே என்னிடம் வந்தான்.

"வயர மாத்து, பரே. உன்னுது செத்துப்போச்சு."

"எதுடா?"

"நீதான். மொதப் பாட்டுலேருந்து நீ வரவே இல்ல. போன்ல முழுசா ஏத்திப் பாத்துட்டேன். அந்த டிராக்குல இருக்கற பேஸ் லோர்னாவுக்குப் போதும், எனக்கு அத வச்சு வாசிக்க வராது."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. வயரைக் கையில் சுற்ற ஆரம்பித்தான்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரியும். லோர்னா சொல்றேன்னா. அப்பறம் ஒஸ்மேவ சொல்லச் சொன்னா. அவன் என்னச் சொல்லச் சொன்னான். ஒருத்தருக்கும் வாய் வரல."

"உனக்குமா?"

"எனக்குத்தான் மொதல்ல வரல. சொன்னா நீ பையத் தூக்கிட்டுப் போயிடுவ. அப்பறம் நான் யாரக் கேட்டு வாசிக்கறது, டிராக்கோட சேந்து டக்டக்னு தாளம் தட்டற அந்தக் கிளிக் சத்தத்தையா? என் காதுல நீ மட்டும்தான் இருக்க. லோர்னாவக்கூட கொறச்சுத்தான் வச்சிருக்கேன், அவ கிட்டச் சொல்லிடாத."

 திட்டுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

"ஏற்கெனவே லெச்சோன் போனதுலேருந்து நீ என்ன வீட்டுக்குக் கூப்பிடறதில்ல," என்றான்.

"தூக்க ஒண்ணும் இல்லையேடா."

"தூக்கறதுக்கா வந்தேன் நான்?"

 அவன் கையிலிருந்த வயரை வாங்கி மாட்டினேன். பழைய வயரில் ஒரு கோளாறும் இல்லை. அவனுக்கும் அது தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் வாசித்தேன். கூட்டத்துக்கு நான் கேட்கப் போவதில்லை என்றான பிறகு யாருக்குப் பயப்பட வேண்டும்? நிதானமான பாட்டின் நடுவில், லா பாஸ் வீட்டில் பீர் குடித்துக்கொண்டு மேசையில் தட்டிப் பார்த்த ஒரு தாளக்கட்டைப் புகுத்தினேன். பின்னாலிருந்து அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்து, திருப்பி எறிந்தான். நான் ஒரு அடி பின்தங்கினேன், அவனும் எனக்காகப் பின்தங்கினான். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வேறு எதையோ கேட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவர் காதுக்குள் மட்டும் இன்னொரு கச்சேரி நடந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இவ்வளவு பேருக்கு நடுவில் இவ்வளவு சின்ன இடம்தான் மிச்சமா என்றும் தோன்றியது.

சாமான்களைக் கட்டும்போது லோர்னா வந்தாள். "மனோங் ஹெர்மி, மொதப் பாதி இன்னைக்கு ரொம்ப நல்லா அமைஞ்சுது," என்றாள். என்னை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். "ரெண்டாம் பாதிலதான் டிரம்ஸ் கொஞ்சம் அலைஞ்ச மாதிரி இருந்துச்சு. களைச்சுட்டீங்களோ?" என்று வில்மர் பக்கம் திரும்பினாள்.

ஆமா, வயசாச்சுல்ல என்று வில்மர் அடக்கமாகச் சொன்னான். நான் பையின் ஜிப்பை இழுப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஒஸ்மே டேப்லெட்டை உறையில் போட்டு மூடினான். அதில் என் கோடு அடிமட்டத்தில்தான் இருந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வேன் புறப்பட்டுப் போனதும் பையைத் தோளில் மாட்டப் போனேன். ஒரு பேஸ் கிட்டாரும் சோப்புப் பெட்டிக் கருவியும், ஒற்றை ஆளுக்கே கனமில்லாத சுமை. வில்மர் வந்து அதன் அடிப்பக்கத்தைப் பிடித்தான். விடு என்றேன். விடவில்லை. நான் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். வளர்ந்த ஆட்கள் இருவர் முன்னும் பின்னுமாக அந்தப் பையைச் சுமந்துகொண்டு சாலையைக் கடந்தோம்.

ட்ரைசைக்கிள்காரன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான். அப்படி என்ன கனம் அதில் என்று கேட்டான்.

வில்மர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். "லா பாஸ் போப்பா," என்றான், நான் வாயைத் திறப்பதற்குள்.