ரிங் விட்டால் எடுக்காதே

எங்கள் அப்பா சங்கரனிடமிருந்து போன் வந்தால் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம். சண்டையெல்லாம் இல்லை, சட்டம். பேசினால் காசு, பேசாமல் வைத்தால் இலவசம் என்றிருந்த காலத்தில் அவர் போட்ட சட்டம். திருவான்மியூரில் பஸ் ஏறும்முன் ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவார். ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் அம்மா குக்கரை அடுப்பில் ஏற்றுவாள். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது சாதம் தயாராக இருக்கும். தெரியாத்தனமாக யாராவது எடுத்துவிட்டால் போச்சு, "எவன் காசு?" என்று அன்று முழுக்க அர்ச்சனைதான்.

அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று வந்துவிட்டது. ஊரே தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறது. "இப்ப எல்லாம் ஃப்ரீப்பா, வாயைத் திறந்து பேசேன்" என்று நான் கத்துவேன்.

"பஸ் ஏறியாச்சுன்னு சொல்ல வாய் எதுக்குடி மஹதி? உங்கம்மாக்குப் புரியும்" என்பார்.

அம்மா விஜயலக்ஷ்மி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் கொஞ்சிக்கொண்டது அந்த ஒரு ரிங்கில்தான் என்று எனக்குத் தோன்றும்.

போன தீபாவளிக்கு என் தம்பி குருபிரசாத் பெங்களூரிலிருந்து புதுப் போனோடு வந்து இறங்கினான். அப்பாவின் பட்டன் போன் பரணுக்குப் போனது. அதில் அவர் பார்க்காமலேயே சிவப்புப் பட்டனை அமுக்கிவிடுவார். இந்தப் புதுப் போனின் கண்ணாடித் திரையில் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே போகும். மணி முழுசாக அடித்து ஓயும். "உங்கப்பாக்குக் கட் பண்ணவே வரலைடி" என்று சிரித்துக்கொண்டே அம்மா குக்கரை வைப்பாள்.

பிரதோஷத்தன்று மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நெஞ்சுவலி. ஹஸன் என்கிற ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிரயோஜனமில்லை. அசோக் நகரில் என் வீட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் அம்மா வைத்த சாதம் ஆறிப்போயிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள். "அன்னிக்கும் எனக்கு ரிங் விட்டார். மூணு தரம். கட் பண்ண வராம மறுபடி மறுபடி அமுக்கியிருக்கார், பாவம். ஆத்துக்கு வரோம்ங்கற நெனப்போட நிம்மதியாப் போயிருக்கார்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்த மறுநாள் ஹஸன் வந்தார். அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஆட்டோ சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். அம்மா காபி போட உள்ளே போனாள்.

"பெரியவரு கடைசி வரிக்கும் ஊட்டுக்கு போன் அட்ச்சிக்கினே இருந்தாரும்மா," என்றார் ஹஸன். "'எடு விஜயா, எடு'ன்னு போனாண்ட கெஞ்சினாரு. ஏம்மா, யாருமே எடுக்கல?"

 எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது கோபம். அந்தப் பாழாய்ப்போன போன் மேல், தம்பி மேல், இத்தனை வருஷம் சட்டம் பேசிய அப்பா மேல்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்கோ. எங்கம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்கோ, கையெடுத்துக் கும்பிடறேன். அந்த ரிங்கை நெனச்சுண்டுதான் அவ உசிரோட இருக்கா."

ஹஸன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அம்மா காபியோடு வந்தாள். "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"இல்லமா. தூங்குற மாரி இருந்தாரு."

"நல்லது," என்றாள் அம்மா. "சர்க்கரை போறுமா, பாருங்கோ."

ஹஸன் கிளம்பிப் போனபிறகு எனக்கு உயிர் வந்தது. கண்ணாடியை அலம்பி அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஹாலில் அவள் போன் அடித்தது.

பாத்திரம் உருள, ஈரக் கையோடு அம்மா ஓடிவந்தாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"எடுத்துட்டேன்," என்றாள், மூச்சு வாங்க. "ஏன்னா, எடுத்துட்டேன். சொல்லுங்கோ."

மறுமுனையில் யாரோ ஒரு பெண் வீட்டுமனை வாங்குகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா போனை வைக்கவில்லை.