வலப்பக்கம் ஒரு விரற்கடை

நஸார் நானா நல்லவர்தான். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஹட்டனில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய ஃபேன்ஸிக் கடையில் ரிப்பனை அளக்கும்போது ஒரு விரற்கடை கூடத்தான் வரும், குறையாது. அப்பேர்ப்பட்ட மனுஷரின் காற்றுத் துவக்கு மட்டும் நேராகச் சுடாது.

தோட்டங்களில் திருவிழா வந்துவிட்டால் கடையை மனைவி கமறியாவின் தலையில் கட்டிவிட்டு, பலகையும் பலூனும் துவக்குமாக பஸ் ஏறிவிடுவார். கோயிலுக்குக் கீழே பலகையை நிறுத்தி வரிசையாகப் பலூன் கட்டுவார். ஒருவருக்கு மூன்று குண்டு. பெரிய பலூன் உடைந்தால் சீப்போ சவர்க்காரமோ கிடைக்கும். ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதிய ஒரு சிவப்புப் பலூன் இருக்கும். அது உடைந்தால், பலகைக்கு மேலே தொங்கும், படுக்க வைத்தால் கண்ணை மூடும் பெரிய பொம்மை.

அந்தப் பொம்மை எந்தத் தோட்டத்திலும் கீழே இறங்கியதில்லை. எப்படி இறங்கும்? துவக்கு முனையில் குறி பார்க்க இருக்கும் முள்ளை, நஸாரே சின்னச் சுத்தியலால் வலப்பக்கம் தட்டி வைத்திருந்தார். நேராகப் பார்த்துச் சுட்டால் குண்டு இடப்பக்கம் போய்விடும். பலூன் கடை போடுகிற எல்லாரும் செய்கிறதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். அது அவர் மனதை உறுத்தியதே இல்லை, சிவசாமி வரும் வரைக்கும்.

சிவசாமி றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். முதன்முதலாக வந்தபோது மகள் அழகம்மா அவர் தோளில் உட்கார்ந்திருந்தாள். வேறெதையும் அவள் பார்க்கவில்லை. பொம்மையைத்தான் பார்த்தாள். சிவசாமி சுட்டார். மூன்றும் இடப்பக்கம் போயின. பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதது. "அடுத்த திருவிழாவுக்கு அப்பா அடிச்சுத் தாரேன்டா கண்ணு" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த திருவிழாவுக்கு அவரும் மனைவி வீரம்மாவும் மட்டும் வந்தார்கள். மழைக்காலத்துச் சளி நெஞ்சில் இறங்கிப் பிள்ளை போய்விட்டாள். நஸார் பதறிப்போய்ப் பொம்மையைக் கழற்றி நீட்டினார். சிவசாமி கையைக் கட்டிக்கொண்டார்.

"சும்மா வேணாங்க நானா. அப்பன் அடிச்சுத் தருவான்னு சொல்லிக்கிட்டேதாங்க கண்ண மூடுனா. அடிச்சுத்தாங்க எடுக்கணும்."

அன்றிலிருந்து வருஷா வருஷம் வருவார். மூன்று குண்டு சுடுவார். தவறும். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு ஆளுக்காகவாவது முள்ளை நேராக்கியிருக்கலாம். நேராக்கினால் தோட்டத்து இளவட்டங்கள் கடையையே வழித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம். இந்த வருஷம் வேண்டாம், வருகிற வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்.

இந்தத் தடவை திருவிழாவுக்கு முன்பு வீரம்மா ஹட்டன் கடைக்கு வந்தாள். தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்க வந்திருந்தாள்.

"எங்களுக்கு இங்க தங்குறதுக்கு அனுமதி இல்லேன்னு கவர்மெண்டுல சொல்லிட்டாங்க நானா. திருவிழா முடிஞ்ச கையோட இந்தியாவுக்குப் போறோம்" என்றாள். "புள்ளைய மட்டும் இங்கயே விட்டுட்டுப் போறோம்."

அவள் போனதும் நஸார் துவக்கை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். இனி வருகிற வருஷம் என்று ஒன்று கிடையாது. முள்ளை ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தார். ஆனால் முள்ளை நேராக்கிய பிறகும் குண்டுகள் ஓரிடத்தில் விழவில்லை. ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது. குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடியது. மலைநாட்டு ஈரத்தில் கட்டை ஊறிக் காய்ந்து திருகாணிகள் தளர்ந்து போயிருந்தன. அவற்றை இறுக்கினார். அப்போதும் குண்டில் வேகமில்லை. உள்ளே கழற்றினால், காற்றை அமுக்குகிற தோல் வாசர் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. காற்றெல்லாம் ஓரத்தால் கசிந்துவிட்டால் குண்டு எப்படி ஒழுங்காகப் போகும்? வாசரை எண்ணெயில் ஊறப்போட்டார். அது மெத்தென்று ஆனதும் மாட்டினார். மதிலில் ஒரு சுண்ணாம்பு டப்பியை வைத்துச் சுட்டார். டப்பி பறந்தது. திரும்ப வைத்துச் சுட்டார். திரும்பவும் பறந்தது. நஸாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கமறியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷன்ட்ட சொல்லிப் போடுங்க, துவக்க நேராக்கினண்டு."

"சொன்னா, முந்திக் கோணலா வச்சிருந்தண்டும் சொல்லோணுமே?"

"அப்ப அதையும் சொல்லுங்க."

நஸார் துவக்கைத் துணியில் சுற்றினார். அவருடைய நிய்யத், மனதில் வைத்த எண்ணம், நல்லதாகத்தான் இருந்தது. சிவசாமி வருவார், சுடுவார், பலூன் உடையும். தன் குட்டும் உடையாது. இதில் யாருக்கு என்ன நட்டம் என்று இருந்துவிட்டார்.

திருவிழா அன்று சாயந்தரம் வெயில் சாய்கிற நேரத்தில் இருவரும் வந்தார்கள். சிவசாமி வெளுத்த வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்.

"நாளன்னைக்கு ரயில் கோச்சிங்க நானா. தலமன்னாரு போயிக் கப்பலு. இதுதாங்க கடைசி" என்றார்.

நஸார் குண்டு போட்டுக் கொடுத்தார். சிவசாமி நெடுநேரம் குறி பார்த்துச் சுட்டார். பலூன் அசையவில்லை. அதற்கு வலப்பக்கம், ஒரு விரற்கடை தள்ளி, பலகையில் ஓட்டை விழுந்தது.

கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தார் நஸார். இரண்டாவது குண்டும் அதே இடத்தில் போய் விழுந்தது. முதல் ஓட்டையும் இரண்டாவது ஓட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு குண்டையும் ஒரே இடத்தில் வைக்கிற கை நடுங்குகிற கையா?

சிவசாமி துவக்கைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"நம்ம கண்ணு கோணக் கண்ணுங்க நானா. மொத வருசமே கண்டுக்கிட்டேன். நேராப் பாத்தா எடப்பக்கம் போயிரும். அதனால ஒரு வெரக்கட சோத்தாங்கைப் பக்கமாத் தள்ளித்தான் பாப்பேன். அப்புடியும் கிட்டக் கிட்டப் போயித் தவறிரும். இன்னைக்கு என்னடான்னா, அந்தப் பக்கமே போகுது. புள்ளைக்கு ஒதவாத கண்ணு, இருந்து என்னங்க?"

இத்தனை வருஷமும் இந்த மனுஷன் தன் கண்ணைத் திட்டிக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். பிள்ளையின் அழுகையைத் தன் கண்ணின் குற்றம் என்றே சுமந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு நின்றால் நஸாரின் மானம் தப்பும். மூன்றாவது குண்டும் வலப்பக்கம் போகும். சிவசாமி அந்தக் கண்ணோடு கப்பலேறிவிடுவார்.

"உங்கட கண்ணுல ஒரு கோணலுமில்ல, சிவசாமி" என்றார் நஸார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். "துவக்குத்தான் கோணல். நான்தான் தட்டி வச்சிருந்த. இப்ப நேராக்கியிருக்கன். நீங்க நேராப் பாருங்க."

சிவசாமி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு துவக்கின் முனையில் இருந்த முள்ளைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"புள்ள வந்த அன்னைக்குமா?" என்று கேட்டாள் வீரம்மா.

"ஓம்" என்றார் நஸார்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். துவக்கால் ஓங்கி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். சிவசாமி மூன்றாவது குண்டைக் கேட்டு வாங்கினார். துவக்கைத் தோளில் வைத்தார். இந்தத் தடவை நெடுநேரம் எடுக்கவில்லை. நேராகப் பார்த்தார், விசையை இழுத்தார்.

சிவப்புப் பலூன் உடைந்தது.

சுற்றி நின்ற இளவட்டங்கள் விசிலடித்தார்கள். நஸார் ஸ்டூலில் ஏறிப் பொம்மையை அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். சிவசாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கோபம் வந்திருந்தால்கூட நஸாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சிவசாமியோ ஒரு சந்தேகத்தைக் கேட்கிறவர் மாதிரித்தான் கேட்டார்.

"நேரா இருந்தா இம்புட்டு லேசுங்களா நானா?"

வீரம்மா பொம்மையை வாங்கி, முந்தானையால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இருவரும் கோயில் பக்கம் திரும்பாமல், பிள்ளையைப் புதைத்த கீழ்மலைக்குப் போகிற பாதையில் இறங்கினார்கள்.

இளவட்டங்கள் துவக்கைக் கேட்டார்கள். நஸார் கொடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பலூன்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. அவர் திரும்பாமல், தேயிலைக்கு நடுவே வீரம்மாவின் சேலை மறைகிற வரைக்கும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.