கருவாட்டுச் சோதனை

2003 பங்குனியில் ஹரிப்ரியாவின் பூச்சு திடீரென்று முரண்டு பிடிக்க ஆரம்பித்தது.

கடலோரக் கடப்பாக்கத்துக்கு அருகே இருந்த சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் வேதியியலாளர். சிப் செய்கிற சிலிக்கான் தகட்டின் மேல் தடவும் புதுக் கரிமப் பூச்சை உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஒளி பட்ட இடத்தில் பூச்சுக்குள் துளி அமிலம் பிறக்கும். அந்த இடம் கழுவும்போது கரைந்துவிடும். மீதி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக நிற்கும். தை முழுக்கக் கோடுகள் நேராக வந்தன. இப்போதோ சில நாள் நேராக, சில நாள் தலை பருத்துக் காளான் மாதிரி.

மூன்று முறை பூச்சைப் புதிதாகச் செய்து பார்த்தும் பலனில்லை. கடைசியில், சொதப்பிய நாட்களை நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டு முறைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்க்காரன் சாலமோன் எட்டிப் பார்த்தான்.

“இன்னா மேடம், நெத்திலி பட்ட நாளையெல்லாம் குறிச்சி வெச்சிகினு கீறீங்க?”

“என்னது?”

“இந்த நாளுல்லாம் வலை நெறைய நெத்திலி. கரை பூரா கருவாடு காஞ்சிகினு இருந்துச்சி. அந்தக் காத்து நம்ம ஏசி குழாயிலதான் பூருது.”

ஹரிப்ரியா துள்ளி எழுந்தாள். மீன் வாடை என்பது அமீன். அமிலத்தைத் தின்றுவிடுகிற காரம்! பூச்சின் மேற்பரப்பில் அமிலம் செத்துப்போனால் அங்கே கரையாது. தலை பருக்கத்தான் செய்யும்.

மீன் சமைக்காத வீட்டில் வளர்ந்தவள், மூக்கில் கைக்குட்டையோடு கரைக்கு ஓடினாள். அங்கே மீனவப் பெண் எல்லம்மாள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“எல்லம்மாக்கா, இருக்கறதுலயே நாத்தமா கால் கிலோ குடுங்க.”

“நல்லதா கேப்பாங்க, நீ இன்னாம்மா நாத்தமா கேக்குற!”

கரையில் கருவாடு காயாத நாளாகப் பார்த்து, பூச்சு தடவி ஒளி காட்டிய தகட்டைக் கருவாட்டோடு டப்பாவில் பத்து நிமிடம் அடைத்தாள். கழுவியதும் கோடுகள் அச்சு அசலாகக் காளான்களாயின. சாலமோன் கைதட்டினான்.

விஷயம் தெரிந்ததும் இயக்குநர், கருவாடு காயவைப்பதை நிறுத்தச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதலாம் என்றார்.

“வேண்டாம் சார். அவங்க நமக்கு முன்னாடியே இங்க இருக்காங்க. குழாய்க்கு வடிகட்டி போடலாம்தான். ஆனா இந்தப் பூச்சு போற இடத்துலயெல்லாம் காத்து சுத்தமாவா இருக்கும்? பூச்சையே மாத்தறேன்.”

ஆறு மாதம் பிடித்தது. வெளிக்காற்று தொடுவதற்குள், ஒளி பட்ட கணமே வேலையை முடித்துவிடுகிற மூலக்கூறு ஒன்று பதினேழாவது முயற்சியில் வாய்த்தது.

ஐப்பசியில் பெங்களூர் சிப் நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் பார்க்க வந்தார்கள். ஹரிப்ரியா அவர்கள் முன்னாலேயே, புதுப் பூச்சு தடவி ஒளி காட்டிய தகட்டையும் கருவாட்டையும் ஒரே டப்பாவில் மூடினாள். அரைமணி கழித்து, ஒருவர் சந்தேகத்தோடு டப்பாவை முகர்ந்து, இருமிக்கொண்டே பின்வாங்கினார். கழுவிப் பார்த்தார்கள். கோடுகள் கம்பி போல நின்றன. தங்கள் ஆலையில் சோதிக்க ஒரு லிட்டர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை சாலமோன் எல்லம்மாளை அழைத்துவந்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னான். அவள் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

“இன்னாமா நேரா கீது! என் வூட்டு செவுரு கூட இப்டி இல்லியே. கொத்தனாரை இட்டாந்து காட்டணும்.”

ஹரிப்ரியா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.